கோட்டாற்றில் ஒரு கியர் வைத்தியம்!

நாகர்கோவிலுக்கு டிக்கெட் வாங்குகிறீர்கள். ‘நாகர்கோவில் சந்திப்பு’ என்று போர்டு போட்ட ஸ்டேஷனில் பெட்டியும் கையுமாக இறங்குகிறீர்கள். ஆனால், நீங்கள் நிற்கிற இடம் கோட்டாறு! வெளியே வந்து ஆட்டோக்காரரிடம், ‘‘நாகர்கோவில் போகணும்’’ என்று சொல்லிப் பாருங்கள். உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ‘‘நாகரோயில்ல எங்க?’’ என்று கேட்பார். அதற்குள் நீங்கள் ஏறி உட்கார்ந்திருப்பீர்கள் என்பது வேறு விஷயம்.

உண்மையைச் சொன்னால் இரண்டில் கோட்டாறுதான் மூத்தது. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி என்ற புவியியல் ஆசாமி எகிப்தில் உட்கார்ந்துகொண்டு எழுதிய ஊர்ப் பட்டியலில் ‘கோட்டியாரா’ என்று ஒரு நகரம் வருகிறது. அது நம்ம கோட்டாறுதான் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். முதலாம் குலோத்துங்க சோழன் தெற்கே வந்து ஜெயித்தபோது ஒரு படையைக் கொண்டுவந்து நிரந்தரமாக இங்கே உட்கார வைத்தான். 1956 நவம்பர் 1-ம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ரயில் வந்தது 1979-ல். 2019-ல் நாகர்கோவில் மாநகராட்சியாகிவிட்டது. கோட்டாறு அதற்குள் ஒரு பகுதி. நமக்கு லெட்ஜர் எழுதக் கற்றுக்கொடுத்த ஹெட்கிளார்க், நாம் மேனேஜரான பிறகும் அதே மூலை நாற்காலியில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே... அந்த மாதிரி!

ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம். கம்போளம் பக்கம் (சந்தைக்கு இந்த ஊரில் இப்படி ஒரு பெயர்) போனால் மூக்குக்கு முதலில் தெரிந்துவிடும். வத்தல் மிளகாய், புளி, கருப்பட்டி, சணல் சாக்கு எல்லாம் கலந்த ஒரு வாசனை. இரண்டு தும்மல் போட்டுவிட்டு நிமிர்ந்தால் குலை குலையாக வாழை. விரல் நீளத்தில், மெல்லிசுத் தோலோடு மட்டிப்பழம் கிடைத்தால் விடாதீர்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம் அது. (பட்டதாரிப் பழம் என்று கௌரவத்தோடு சாப்பிடலாம்!)

கொஞ்சம் தள்ளி சவேரியார் பேராலயம். நவம்பர் கடைசியில் கொடி ஏறினால் டிசம்பர் 3 வரைக்கும் திருவிழா. அன்றைக்கு மாவட்டத்துக்கே லோக்கல் ஹாலிடே. மதம் பார்க்காமல் கூட்டம் வரும். 1752-ல் ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்துக் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளையின் உடல் அடக்கம் செய்யப்பட்டது இந்த ஆலயத்துக்குள்தான். 2022 மே 15-ம் தேதி அவரைப் புனிதராக அறிவித்தார்கள். செய்தி வர 270 வருஷம். நம் ஆபீஸ் ஃபைல் நகரவில்லை என்று இனிமேல் யாரும் அலுத்துக்கொள்ளக் கூடாது!

இந்தத் தடவை நான் போனது திருவிழாவுக்கும் இல்லை, பழத்துக்கும் இல்லை. ஒரு கியர்பாக்ஸுக்கு.

என் தாய்மாமா கோட்டாற்றுக்காரர். கணக்கு வாத்தியாராக இருந்து ரிடையரானவர். ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து, கை சரியாகிவிட்டது. இடது கால் மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. கியர் வண்டியில் க்ளட்ச் மிதிக்கிற கால் அது. டாக்டர் சரி என்று சொன்ன பிறகு ஒரு பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கினார். க்ளட்ச் பெடலே கிடையாது. வலது கால் ஒன்று போதும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அத்தையை செக்கப்புக்காக திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக்கு அவரே ஓட்டிக்கொண்டு போவார். ‘‘காருக்குன்னு பணம் போடலேடே... காலுக்குப் போட்டேன்’’ என்பார்.

அந்தக் கால் வழுக்க ஆரம்பித்துவிட்டது.

காலையில் கிளம்பும்போது வண்டி சாதுவாகப் போகும். முக்கால் மணி நேரம் ஓடி சூடானதும், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் ‘ஊ...’ என்று ஊளையிடும். வண்டி நகராது. சொன்ன வேலைக்கெல்லாம் பெரிய குரலில் ‘யெஸ் ஸார்’ போட்டுவிட்டு ஸீட்டை விட்டு அசையாத சில ஆசாமிகள் உங்கள் ஆபீஸிலும் இருப்பார்களே... அதே கேஸ்தான். ஒருமுறை பின்னால் லாரி வருகிற நேரத்தில் அப்படி ஆகி, அத்தை கந்தசஷ்டி கவசத்தை ஆரம்பித்துவிட்டார்.

பெரிய ஊர் ஒன்றில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனார் மாமா. ராத்திரி வண்டியை விட்டார். காலையில் ஆறின வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, ‘‘ஒரு கோளாறும் இல்லை’’ என்றார்கள். டாக்டர் வீட்டு வாசலைப் பார்த்ததும் பல்வலி போய்விடுமே, அந்தக் கதை. இரண்டாவது தடவையும் இதே. மூன்றாவது தடவை, ‘‘கியர்பாக்ஸையே மாத்தணும். ஒரு லட்சத்து அறுபதாயிரம்’’ என்றார்கள். காரை விற்றால் இரண்டு லட்சம்கூடக் கிடைக்காது. பி.காம். படித்தவன் என்பதால் என்னைக் கூப்பிட்டு, ‘‘நீயே சொல்லுடே, இது செலவா, முதலா?’’ என்று கேட்டார். முதலுக்கே மோசம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்போதுதான் கோட்டாற்றிலேயே ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பை யாரோ சொன்னார்கள். மூன்று வண்டி நிறுத்தினால் நான்காவது ரோட்டில் நிற்க வேண்டும். முதலாளி, தலைமை மெக்கானிக், கேஷியர் எல்லாம் ஒரே அண்ணாச்சி. மஸ்கட்டில் 16 வருஷம் இதே வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். குமரி மாவட்டத்தில் வளைகுடா போகாத ஆள் இல்லாத தெரு அபூர்வம். அங்கே ஓடுகிற கார்களில் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக். வெயிலோ நாற்பத்தைந்தைத் தாண்டும். சூட்டில் வழுக்குகிற கியர்பாக்ஸ்தான் இவருக்கு அங்கே தினசரி சாப்பாடு!

அண்ணாச்சி வண்டியைத் தொடவே இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு மாமாவை உட்கார வைத்தார்.

‘‘சாரே, இதுக்குத் தீனம் சூட்டுலதானே? ஆறிக் கிடக்கும்போ பாத்தா என்ன தெரியும்? மொதல்ல நீங்க சொல்லுங்க. எத்தன கிலோமீட்டர் போனப்பொறம் வழுக்குகு? எல்லா கியர்லயுமா? ரிவர்ஸ் எப்பிடி?’’

மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். நாற்பது பக்க நோட்டு. கணக்கு வாத்தியார் அல்லவா! தேதி, கிளம்பிய நேரம், கிலோமீட்டர், எங்கே வழுக்கியது என்று கட்டம் போட்டு எழுதியிருந்தார். ‘வில்லுக்குறி - சரி. தக்கலை - சரி. மார்த்தாண்டம் - முதல் வழுக்கல். லீவரை 2-ல் போட்டதும் வழுக்கவில்லை. மறுபடி டி-யில் போட்டேன், வழுக்கியது. ரிவர்ஸ் சரி.’

அண்ணாச்சி அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். ‘‘பாதி வேலைய நீங்களே முடிச்சிட்டீங்க’’ என்றார். சர்வீஸ் சென்டரில் இந்த நோட்டை யாரும் கேட்கவில்லையாம்.

இந்த இடத்தில் ஆட்டோமேட்டிக் சமாசாரத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் நல்லது. பயப்படாதீர்கள், எனக்குப் புரிந்த அளவுக்குத்தான் சொல்லப்போகிறேன்.

1939-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலுக்காக ‘ஹைட்ரா-மேட்டிக்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. கியர் தானாக மாறும். பெயரிலேயே ரகசியம் இருக்கிறது. எல்லாம் எண்ணெய் செய்கிற வேலை. ஒரு டேபிள் ஃபேனை ஓடவிட்டு, எதிரே ஓடாத ஃபேன் ஒன்றை வையுங்கள். காற்று பட்டு அதுவும் சுற்றும். காற்றுக்குப் பதிலாக எண்ணெய் என்று வைத்துக்கொண்டால், அது ‘டார்க் கன்வெர்ட்டர்’. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் நிற்கிற தரகர். அதற்குப் பின்னால், தோசைகளை அடுக்கினது மாதிரி வட்டத் தகடுகள். ஒன்று உராய்வுத் தகடு, ஒன்று இரும்புத் தகடு என்று மாற்றி மாற்றி. ஒவ்வொரு கியருக்கும் இந்த அடுக்குகளில் ஒன்றிரண்டை இறுக்கிப் பிடிக்க வேண்டும். பிடிக்கிற கை... அதே எண்ணெய்! பம்ப் கொடுக்கிற அழுத்தத்தில் ஒரு பிஸ்டன் நகர்ந்து தகடுகளை அழுத்தும். அழுத்தம் குறைந்தால் பிடி தளரும். பிடி தளர்ந்தால் தகடு வழுக்கும். வழுக்கினால் சூடு. சூடானால் தகடு கருகும். கருகினால் இன்னும் வழுக்கும். வட்டிக்கு வட்டி என்று எங்கள் பாடப் புத்தகத்தில் இதைத்தான் சொன்னார்கள்.

‘‘அது செரி அண்ணாச்சி, ஆறினா ஏன் வழுக்க மாட்டேங்குது?’’ என்று கேட்டேன்.

‘‘தம்பி கல்யாணத்துல பாயசம் இலையில ஊத்திச் சாப்பிட்டிருக்கேளா?’’

நாஞ்சில் நாட்டு விருந்தில் பாயசம் டம்ளரில் வராது. இலையில்தான்.

‘‘ஆறின பாயசம் நின்னு குடுக்கும். சூடா ஊத்தினா? இலையில எங்க ஓட்டை இருக்குன்னு அதுவே கண்டுபிடிச்சு வேட்டிக்கு வந்துரும். எண்ணெயும் அப்பிடித்தான். குளிர்ல கெட்டி, சூட்டுல தண்ணி. உள்ள எங்கயோ இலை கிழிஞ்சிருக்கு. எங்கன்னு பாக்கணும்.’’

எத்தனை விலாசத்தில் கிழிந்திருக்கலாம் என்றும் சொன்னார். எண்ணெய் குறைவாக இருக்கலாம். பம்ப் காற்றை உறிஞ்சி நுரையாக்கிவிடும். தப்பான எண்ணெய் ஊற்றியிருக்கலாம். ஃபில்டர் அடைத்திருக்கலாம். எண்ணெயை ஆற வைக்கிற கூலர் அடைத்திருக்கலாம். பம்ப் தேய்ந்திருக்கலாம். எண்ணெய்ப் பாதையைத் திறந்து மூடுகிற மின்சார வால்வான ‘சொலினாய்டு’ சூட்டில் சிக்கிக்கொள்ளலாம். பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரப்பர் சீல் போயிருக்கலாம். இதில் பாதிக்கு மேல் பெட்டியைக் கழற்றாமலே தீருகிற வியாதி. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மருந்தாக, ‘பெட்டியை மாற்று’ என்பது, தும்மினவனுக்கு மூக்கை மாற்றுகிற வைத்தியம்!

முதல் பரிசோதனை வெறும் குச்சி. இந்த மாடலில் கியர்பாக்ஸ் எண்ணெய்க்குத் தனி அளவுகோல் உண்டு. (பல புது வண்டிகளில் அதையும் எடுத்துவிட்டார்கள்.) இன்ஜின் ஆயில் மாதிரி வண்டியை அணைத்துவிட்டுப் பார்க்கக் கூடாதாம். பெரும்பாலான வண்டிகளில், சூடாக்கி, சமதரையில் நிறுத்தி, இன்ஜின் ஓட ஓட, பிரேக்கை மிதித்துக்கொண்டு, பி, ஆர், என், டி என்று லீவரை எல்லா ஸ்தலத்துக்கும் ஒரு யாத்திரை கூட்டிப்போய் வந்து, புத்தகத்தில் சொன்ன இடத்தில் வைத்த பிறகுதான் குச்சியை உருவ வேண்டும். அணைத்துவிட்டால் மேலே இருக்கிற எண்ணெயெல்லாம் கீழே வடிந்து, குறைவாக இருந்தாலும் ‘நிறை’ என்று பொய் சொல்லும். வருஷக் கடைசி நாளில் மட்டும் பாங்கில் பணம் காட்டுகிற கம்பெனிகளை ஆடிட் செய்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

அண்ணாச்சி குச்சியை உருவி ஒரு வெள்ளைத் துணியில் தடவினார். முகர்ந்தார். அளவு சரி. நுரை இல்லை. மின்னுகிற இரும்புத் துகளும் இல்லை. சிவப்பாக இருக்க வேண்டியது காப்பித்தூள் நிறத்தில் இருந்தது. லேசான தீய்ந்த வாசனை. ‘‘கருக ஆரம்பிச்சிருக்கு. கரிஞ்சு தீரல’’ என்றார்.

இரண்டாவது, ஸ்கேனர். இடலாக்குடி இங்கிருந்து கூப்பிடு தூரம். அந்த ஊர் செய்குத்தம்பிப் பாவலர் 1907-ல் சென்னை விக்டோரியா ஹாலில் சதாவதானம் செய்தவர். ஒரே நேரத்தில் நூறு விஷயங்களைக் கவனித்து நூறுக்கும் பதில் சொல்கிற வித்தை. ஆட்டோமேட்டிக் வண்டியில் அந்த வேலையைச் செய்ய ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறது. நூறு அவதானம் இல்லை, ஒரு டஜன் என்று வைத்துக்கொள்ளலாம். வேகம், சூடு, மிதி எவ்வளவு, எந்தக் கியர் என்று பார்த்துக்கொண்டே இருக்கும். ஸ்கேனரைச் செருகினால் அது கண்டதையெல்லாம் நமக்கும் ஒப்பிக்கும்.

வண்டி ஆறட்டும் என்று மறுநாள் காலையில் புறப்பட்டோம். மாமா ஓட்டினார். அண்ணாச்சி பக்கத்தில், மடியில் ஸ்கேனர். நான் பின் ஸீட்டில், நோட்டும் பேனாவுமாக. கோட்டாற்றிலிருந்து சுசீந்திரம் வழியாகக் கன்னியாகுமரி, சுமார் இருபது கிலோமீட்டர். இரண்டு பக்கமும் தென்னை, வயல், குளத்தில் தாமரை. மற்ற நாளாக இருந்தால் சுசீந்திரத்தில் இறங்கி, ஒரே கல்லில் செதுக்கின இசைத் தூண்களைப் பார்த்துவிட்டு, பிரமாண்ட ஆஞ்சநேயருக்கும் ஒரு கும்பிடு போட்டிருக்கலாம். அண்ணாச்சி கண்ணை எடுக்காமல் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

‘‘தம்பி, எழுதிக்கிடுங்க. மூணாம் கியர். உள்ள வருகது ரெண்டாயிரம். வெளிய போறது ரெண்டாயிரம்.’’

இது எனக்குப் பிடித்த பாஷை. கியர்பாக்ஸுக்குள் நுழைகிற சுற்று வரவு. வெளியேறுகிற சுற்று செலவு. இந்தப் பெட்டியில் மூன்றாவது கியருக்கு விகிதம் ஒன்றுக்கு ஒன்று. ஆகவே இரண்டும் சமமாக இருக்க வேண்டும். டாலி! எண்ணெய்ச் சூடு அறுபது டிகிரி வரைக்கும் ஒரு பைசா வித்தியாசம் இல்லை.

கன்னியாகுமரி போய்த் திரும்பி, செட்டிகுளம் ஜங்ஷன் நெரிசலில் வேண்டுமென்றே இரண்டு சுற்று. நின்று நின்று ஊர்ந்தால்தான் எண்ணெய்க்குச் சூடு ஏறும். தொண்ணூறைத் தொட்டது. பார்வதிபுரம் தாண்டி மாமா மிதித்தார். இன்ஜின் ஊளையிட்டது.

‘‘உள்ள ரெண்டாயிரத்து நானூறு. வெளிய ரெண்டாயிரம்!’’

நானூறு சுற்று காணவில்லை. சஸ்பென்ஸ் அக்கவுன்ட்!

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸ் நுழைவாயிலுக்கும் நடுவில் கணக்கு உதைத்தால் அது தரகர் கமிஷன், அதாவது டார்க் கன்வெர்ட்டர் விவகாரம். ஓரளவு அங்கே வழுக்குவது இயல்பு. நுழைவாயிலுக்கும் வெளிவாசலுக்கும் நடுவில் உதைத்தால் உள்ளே தகடு வழுக்குகிறது என்று அர்த்தம். இங்கே இரண்டாவது. ஒன்றாவது கியர் சரி. இரண்டு சரி. ரிவர்ஸ் சரி. மூன்றிலும் நாலிலும் மட்டும் உதை. இந்த இரண்டு கியருக்கும் பொதுவாக, மற்றதில் வேலை இல்லாமல் இருக்கிற அடுக்கு ஒன்றே ஒன்றுதான். மாமாவின் நோட்டு முன்னமே சொன்ன பதில்.

ஒர்க்‌ஷாப் திரும்பியதும் நான் ஒரு படித்த கேள்வி கேட்டேன். ‘‘பிரேக்கை மிதிச்சிட்டு ஃபுல் ஆக்ஸிலேட்டர் குடுத்துப் பார்க்கிற டெஸ்ட் உண்டாமே?’’

‘‘உண்டு. அஞ்சு செகண்டுக்கு மேல பண்ணப்பிடாது. இந்த வண்டிக்கு அஞ்சு செகண்டும் வேண்டாம். மூச்சு வாங்குகவன மாடிப்படி ஏறச் சொல்லி நோயக் கண்டுபிடிக்கணுமா?’’

மூன்றாவது சோதனை, பிரஷர் கேஜ். ‘‘லேய் மக்கா, கேஜ எடு!’’ என்று பையனுக்கு ஆணை. இந்த வகைப் பெட்டியில் ஒவ்வொரு அடுக்குக்கும் அழுத்தம் பார்க்க வெளியிலேயே தனித்தனித் துவாரம் இருக்கிறது. சூட்டிலேயே பார்த்தார்கள். மற்ற அடுக்குகளில் முள் அசையாமல் நின்றது. ஆக, பம்ப் குற்றவாளி இல்லை. ஃபில்டரும் இல்லை. பம்ப்போ ஃபில்டரோ கெட்டிருந்தால் எல்லா வீட்டிலும் தண்ணீர் வராது. ஒரு வீட்டில் மட்டும் வரவில்லை என்றால் அந்த வீட்டுக் குழாயைப் பார்க்க வேண்டும். மூன்று - நாலு அடுக்கில் முள் ஆறின நேரத்தில் நின்ற இடத்தை விட்டு நன்றாகவே இறங்கியிருந்தது.

மிச்சம் இரண்டு பேர். சொலினாய்டா, சீலா? அடித்தட்டைக் கழற்றி எண்ணெயை வடித்தார்கள். தட்டில் ஒட்டியிருந்த காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி மெல்லிய பூச்சு. அது வயசுக்கு உள்ள தேய்மானம், பரவாயில்லையாம். ஆனால், ஓரத்தில் கறுப்பாகப் பொடிப்பொடியாக உராய்வுத் தகட்டின் துணுக்கு. சொலினாய்டை மீட்டர் வைத்துப் பார்த்தார். சூட்டிலும் கணக்கு சரியாக இருந்தது. வால்வும் சிக்காமல் ஓடியது. கடைசியாக, அந்த அடுக்குக்குப் போகிற எண்ணெய்ப் பாதையில் காற்றைச் செலுத்திவிட்டு, ‘‘யாரும் பேசப்பிடாது’’ என்று காதைக் கொடுத்தார். சுசீந்திரம் தூணில் ஸ்வரம் கேட்கிற மாதிரி எல்லோரும் நின்றோம்.

‘உஸ்ஸ்ஸ்...’

‘‘கேட்டேளா? இலை கிழிஞ்ச எடம்.’’

தீர்ப்பு: பெட்டியை இறக்கித்தான் ஆக வேண்டும். ஆனால், மாற்ற வேண்டாம். அந்த அடுக்கின் சீல், தகடுகள் கட்டாயம். இறக்கினதோடு மற்ற சீல்களும் மாற்றி, கூலரையும் கழுவி, கம்பெனி சொன்ன எண்ணெயையே ஊற்ற வேண்டும். சாமான் கொச்சியிலிருந்து வர வேண்டும். எல்லாம் சேர்த்து ஐம்பத்தைந்தாயிரம். ‘‘கரிஞ்சு தீரும் மின்ன வந்துட்டீங்க. இன்னும் ரெண்டு தடவ திருவனந்தரம் போயிருந்தா, அவங்க சொன்ன ஒண்ணு அறுபதுதான் எனக்கும் சொல்ல வேண்டி வந்திருக்கும்’’ என்றார் அண்ணாச்சி. அவ்வளவு வியாபார நாணயம்! (இத்தனை நாள் ‘கோளாறு இல்லை’ என்று திருப்பி அனுப்பியதில் கருகியதுதான் அந்தத் தகடு என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.)

சிக்கல் என்னவென்றால், அத்தையின் செக்கப்புக்கு நாலு நாள்தான் இருந்தது. சாமான் வர ஒரு வாரம். ‘‘மெதுவா ஓட்டிட்டு ஒரே ஒரு தடவை போயிட்டு வந்துடலாமா?’’ என்று மாமா கேட்டார். வகுப்பில் அவரிடம் மார்க் கேட்டுக் கெஞ்சின பையன்களின் குரல் அப்போது அவருக்கு வந்திருந்தது. அண்ணாச்சி பதில் சொல்லாமல் சாவியை எடுத்துத் தன் மேஜைக்குள் போட்டுப் பூட்டினார்.

அந்தத் தடவை வாடகைக் காரில் போனோம். மாமா முன் ஸீட்டில் கைகட்டி உட்கார்ந்து வந்தார். மார்த்தாண்டம் வந்தபோது, இல்லாத ஆக்ஸிலேட்டரை அவர் வலது கால் ஒருமுறை மிதித்ததைப் பார்த்தேன். பேசவில்லை.

நான் ஊருக்குத் திரும்புவதற்குள் இரண்டு விஷயம் சொல்லிவிட வேண்டும். ஒன்று, ஆட்டோமேட்டிக் எல்லாம் ஒரே ஜாதி இல்லை. 2014-ல் மாருதி செலேரியோவோடு இந்தியாவுக்கு வந்த ஏ.எம்.டி. வகையில், சாதாரண கியர்பாக்ஸில் க்ளட்சை ஒரு மெஷின் மிதிக்கிறது, அவ்வளவுதான். அதில் வழுக்கினால் க்ளட்ச் பிளேட்டைப் பாருங்கள்; மேலே சொன்ன வைத்தியம் பொருந்தாது. சி.வி.டி. என்பது பெல்ட்டும் புல்லியும். அதற்கு எண்ணெயே வேறு. தெரியாமல் மாற்றி ஊற்றினால் நல்ல பெட்டியும் நாசம்.

இரண்டு, பழைய ஆட்டோமேட்டிக் வாங்கப் போகிறவர்களுக்கு. ஆபீஸ் போகிற வழியில் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இன்ஜினை ஆறின வண்டியில் ஸ்டார்ட் செய்து பாருங்கள். கியர்பாக்ஸை முக்கால் மணி நேரம் ஓட்டி, டிராஃபிக்கில் ஊர்ந்து, ஒரு ஏற்றம் ஏறின பிறகு பாருங்கள். விற்கிறவர், ‘‘அவ்வளவு நேரம் எதுக்கு ஸார்?’’ என்று கேட்டால், அதுவே பாதி பதில். பெண் பார்க்கப் போகிறபோது கேசரியோடு எழுந்து வந்துவிடலாம். இங்கே மத்தியானச் சாப்பாடு வரைக்கும் உட்கார வேண்டும்.

மூன்று வாரம் கழித்து மாமாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ. அதே நாற்பது பக்க நோட்டு. திருவனந்தபுரம் போய்வந்த நாள். ‘வில்லுக்குறி - சரி. தக்கலை - சரி. மார்த்தாண்டம் - சரி. பாறசாலை - சரி.’ கீழே சிவப்பு மையில் பெரிதாக ஒரு டிக். ரிடையரானவர் சிவப்புப் பேனாவை எங்கேதான் ஒளித்து வைத்திருந்தாரோ!

உடனே போன் செய்தேன். எடுத்தது அத்தை.

‘‘பாத்தியாடே... அந்தக் காருக்கு எழுதின மாதிரி என் பிரஷரை ஒரு நாளாவது எழுதியிருப்பாரா?’’

பின்னாலிருந்து மாமாவின் குரல் கேட்டது: ‘‘கடைசிப் பக்கத்தத் திருப்பிப் பாக்கச் சொல்லு அவள!’’

போனில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பக்கம் புரள்கிற சத்தம் மட்டும் கேட்டது.